பதினேழாம் நம்பர் மரம்

வேல்விழி சீமைக்குப் போனதற்கு ஒரே காரணம், பனியன் கம்பெனியின் மூன்றாவது தையல் லைனில் பாஸ்போர்ட் வைத்திருந்தவள் அவள் ஒருத்திதான் என்பது. தையலில் அவளைவிடக் கெட்டிக்காரிகள் அங்கே எட்டுப் பேராவது இருந்தார்கள். பேச்சில் என்றால் எல்லோருமே. ஆனால் ஆபீஸ் பெண் சித்ரகலா வந்து, "யாருகிட்டயாவது பாஸ்போர்ட் இருக்குங்களாக்கா?" என்று கேட்டபோது, முப்பத்திரண்டு பேர் கொண்ட லைனில் முப்பத்தொரு பேர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் குவைத்தில் வீட்டு வேலை வாங்கித் தருகிறேன் என்று ஒரு ஏஜென்ட் அவளுக்கு ஆசை காட்டியிருந்தான். பாஸ்போர்ட் கைக்கு வந்த வாரமே ஏஜென்ட் கம்பி நீட்டிவிட்டான். ஆசை இருக்கு தாசில் பண்ண, அதிர்ஷ்டம் இருக்கு கழுதை மேய்க்க என்று அவள் அதைப் பெட்டியில் சேலைக்கு அடியில் போட்டுவிட்டு, மறுபடியும் ஓவர்லாக் மிஷினில் வந்து உட்கார்ந்தாள். புருஷன் என்று ஒருவன் இருந்து, கல்யாணமான இரண்டாம் வருஷமே வேறொரு குடித்தனம் பார்த்துக்கொண்டு போயிருந்தான். அப்பா அம்மா இல்லை. பிள்ளை இல்லை. சிவகங்கைப் பக்கம் ஒரு அண்ணன் இருந்தான். இருந்தான் என்பதோடு சரி.

மங்கலம் ரோட்டில் இருக்கும் அந்தக் கம்பெனி, குழந்தைகள் உடுப்புத் தைத்து இங்கிலாந்துக்கு அனுப்புகிறது. மூன்றாவது லைனில் தைப்பதை வாங்குகிற வெள்ளைக்காரக் கம்பெனிக்குப் பத்தாவது ஆண்டு விழா. தைக்கிற ஆள் ஒருத்தியைக் கூட்டிவந்து மேடையில் நிறுத்த வேண்டும் என்று அவர்களுக்கு ஆசை. முதலாளி மகன் தரணீதரன் எப்படியும் போகிறான். அவனோடு வேல்விழியும் போகட்டும் என்று முடிவாயிற்று. விசா வந்த அன்று லைன் முழுக்கத் திருவிழாதான். அந்தக் கொண்டாட்டத்துக்குக் காரணம் மேடையில்லை, மரம்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அதே வெள்ளைக்காரக் கம்பெனி, தைக்கிற ஆளுக்கு ஒரு மரம் என்று கணக்காகத் தங்கள் ஊர்ப் பக்கத்தில் உள்ள ஒரு சின்னக் காட்டில் நட்டிருந்தது. ஒவ்வொருவர் கையிலும் ஒரு சர்டிபிகேட் வந்தது. அதில் மரத்தின் நம்பர், பக்கத்தில் ஒரு பெயர். யார் பெயரை வேண்டுமானாலும் வைக்கலாம் என்று சித்ரகலா லைனுக்கு வந்து மிஷின் வரிசைப்படி எழுதிக்கொண்டு போனாள். ராக்கம்மாள் மாமியார் பெயரைக் கொடுத்து, அதை மாமியார் காதுக்கும் எட்டும்படி செய்தாள். ஒன்பதாம் மிஷின் முனீஸ் குலசாமி பெயரைக் கொடுத்தான். பதினெட்டாம் மிஷினுக்கு வந்தபோது வேல்விழி, "என் பேரையே போட்டுருங்க. வேற யாரு இருக்கா" என்றாள். சித்ரகலா சிரித்தாள். வேல்விழியும் கூடச் சிரித்துவைத்தாள்.

பதினேழாம் மிஷின் விஜயராணியுடையது. அவள் கொடுத்த பெயர் கலைமகள். ஏதோ சாமியை நினைத்துக் கொடுத்திருக்கிறாள் என்று லைனில் எண்ணிக்கொண்டார்கள். வேல்விழிக்கு மட்டும்தான் தெரியும், கலைமகள் விஜயராணியின் மகள். ஏழு வயதில் காய்ச்சல் கண்டு ஆறே நாளில் போய்விட்டாள். போய் ஐந்து வருஷம் ஆகிறது. அப்போது விஜயராணி வேறு கம்பெனியில் இருந்ததால் இங்கே யாருக்கும் விஷயம் தெரியாது, அவளும் வேல்விழியைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை. இரண்டு பேரும் ஒரே லைன்வீட்டில் அடுத்தடுத்த ரூம்களில் குடியிருந்தார்கள். ஒருத்தி ரூமில் தும்மினால் மற்றவள் ரூமிலிருந்து 'நூறு' என்று குரல் வரும்.

கம்பெனியில் தைக்க வேண்டிய துணிக்கட்டுக்குப் பண்டில் என்று பெயர். ஏழு-எட்டு வயது சைஸ் பண்டில் வந்தால் விஜயராணிக்குக் கை ஓடாது. சின்னச் சட்டையை விரித்துப் பார்த்தபடி அப்படியே இருந்துவிடுவாள். வேல்விழி ஒன்றும் பேசாமல் தன் பண்டிலை அந்தப் பக்கம் தள்ளிவிட்டு அதை இந்தப் பக்கம் இழுத்துக்கொள்வாள். இரண்டு பேருக்கும் நடுவில் அப்படி மாற்றிக்கொள்வதைப் பற்றி ஒரு வார்த்தை வந்ததில்லை. மற்ற எல்லாவற்றையும் பேசினார்கள். ஓடிப்போன புருஷனைப் பற்றி வேல்விழி வாய்விட்டு அழுததும் சிரித்ததும் விஜயராணி ஒருத்தியிடம்தான். இந்தப் பூமியில் ஒளிவுமறைவு இல்லாமல் பேச அவளுக்கு வேறு ஆள் கிடையாது.

பனியன் கம்பெனிக்காரர்களுக்கு நம்பர் என்றால் வேதவாக்கு. கட்டிங் மேசையில் துணி அடுக்கை வெட்டியதுமே துண்டுக்குத் துண்டு நம்பர் ஒட்டிவிடுவார்கள். கை ஒரு மிஷினுக்கும் கழுத்து ஒரு மிஷினுக்கும் போனாலும், கடைசியில் பதினான்காம் நம்பர் கை பதினான்காம் நம்பர் உடம்போடுதான் சேர வேண்டும். மாறினால் நிறம் காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே சர்டிபிகேட்டில் நம்பர் இருந்தால், சீமையில் அந்த நம்பர் போட்ட மரம் ஒன்று தன்னைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது என்பதில் லைனில் யாருக்கும் சந்தேகம் இல்லை. "நம்பரோட போட்டோ எடுத்துட்டு வா. நம்பர் இல்லாட்டி நாங்க நம்ப மாட்டோம்" என்று ராக்கம்மாள் கறாராகச் சொல்லிவிட்டாள்.

கிளம்புவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, குழாயடியில் துணி அலசிக்கொண்டிருந்தபோது விஜயராணி சொன்னாள்.

"எனக்கு வாட்சப்புல எல்லாம் அனுப்பாத. நேர்ல வந்து காட்டு. டேப்பு வச்சு எம்புட்டு உசரம்னு அளந்துட்டு வா."

"சரிடி."

"அப்புறம், யாரும் கிட்டக்க இல்லாதப்ப அவ பேரைச் சொல்லி ஒரு தடவ கூப்பிடு வேலு." விஜயராணி துணியைப் பிழிந்துகொண்டே இருந்தாள். தண்ணீர் எப்போதோ வடிந்துவிட்டிருந்தது. "அஞ்சு வருசமா அந்தப் பேரை யாரும் சத்தமாக் கூப்பிடல. அவுக அப்பாவும் வாயில எடுக்க மாட்டேங்குறாக. எனக்கும் தொண்டைக்கு மேல வர மாட்டேங்குது."

"கூப்பிடுறேன்" என்றாள் வேல்விழி. இவ்வளவு பெரிய காரியத்தை அவளிடம் இதுவரை யாரும் ஒப்படைத்ததில்லை. பயமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

சீமையில் ஐந்து நாள். மேடையில் ஏற்றினார்கள், பூங்கொத்து கொடுத்தார்கள், ஒரு மிஷினைக் கொண்டுவந்து வைத்து ஒரு சட்டைக் கையை மூட்டிக் காட்டச் சொன்னார்கள். பதினைந்து விநாடியில் மூட்டினாள். கூடியிருந்தவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். ஒரு நாளைக்கு ஆயிரம் தடவை செய்கிற வேலைக்கு இதுவரை சூப்பர்வைசர் ஒரு 'ம்' கூடச் சொன்னதில்லை என்பதால், இவர்கள் கேலி செய்கிறார்களோ என்று அவளுக்குச் சந்தேகம் வந்தது.

அது தவிர மற்ற நேரமெல்லாம் ஓட்டல் ரூம். தரணீதரன் நல்ல பையன்தான். "ஏனுங்க்கா, சாப்டீங்களா? குளிருதுங்களா?" என்று மூன்று வேளையும் கேட்பான், கேட்டுவிட்டு மீட்டிங்குக்கு ஓடிவிடுவான். ஐந்து நாளில் அவள் பேசியது மொத்தம் நூறு வார்த்தை இருந்தால் அதிகம். முப்பத்திரண்டு மிஷின் இரைச்சலில் பத்தொன்பது வருஷம் கிடந்த காதுக்கு அந்த ரூமின் அமைதி தாங்கவில்லை. ஒரு மத்தியானம் பாத்ரூம் குழாயைத் திறந்துவிட்டு அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தண்ணீர் வீணாகிறதே என்று பிறகு மூடினாள். இந்த ஊரில் தான் செத்துக் கிடந்தாலும் யாரைக் கூப்பிட வேண்டும் என்று இவர்களுக்குத் தெரியாதே என்று தோன்றியது. திருப்பூரில் மட்டும் என்ன, விஜயராணியைக் கூப்பிடுவார்கள், வேறு யாரை?

கடைசி நாள் காலையில் காட்டுக்குக் கூட்டிப்போனார்கள். ஒரு மணி நேரக் கார்ப் பயணம். பெரிய ரோடு சின்ன ரோடாகி, சின்ன ரோடு இரண்டு பக்கமும் வேலியடைத்த சந்தாகி, கடைசியில் ஒரு மரக்கதவின் முன்னால் கார் நின்றது. காடு என்றதும் வேல்விழி மனதில் இருந்தது அவள் ஊர்ச் சீமைக் கருவேலங்காடு. சீமையில் அந்த மரம் ஒன்றுகூட இல்லை என்பது வேறு விஷயம். இங்கே இருந்தது நாலைந்து ஏக்கர்தான் இருக்கும். மங்கலம் ரோட்டில் இதைவிடப் பெரிய கம்பெனி வளாகங்கள் உண்டு. ஆனால் உள்ளே கால் வைத்ததும் வெயில் குறைந்து, தரையெங்கும் நீலப் பூவாகப் பூத்துக் கிடந்தது. யாரும் விதைத்ததில்லையாம், தானாக வருவதாம். பறவைச் சத்தம் கேட்டது, பறவை தெரியவில்லை. ஈர மண் வாசம் மட்டும் ஊர் வாசம் போலவே இருந்தது. அதை அவள் மூக்கு நிறைய இழுத்துக்கொண்டாள்.

காட்டைப் பார்த்துக்கொள்பவர் கதவருகே காத்திருந்தார். எழுபது வயதைத் தாண்டிய ஒல்லி மனிதர்; முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், கோட்டுப் பையில் ஒரு நோட்டு.

"சம்பளமெல்லாம் இல்லீங்களாமாக்கா. சும்மா பாத்துக்கறாருங்களாமா" என்றான் தரணீதரன்.

"சும்மாவா?"

"ஆமாங்க்கா. ஊட்ல தனியாத்தான் இருக்கறாரு போல. தெனமும் வந்துருவாராமா."

பழைய மரங்களைத் தாண்டியதும் ஒரு திறந்த சரிவு. அங்கேதான் கம்பெனி மரங்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றையும் சுற்றி முழங்கால் உயரத்துக்கு ஒரு பிளாஸ்டிக் குழாய், பக்கத்தில் ஊன்றிய குச்சி, குச்சியில் கம்பியால் கட்டிய தகடு, தகட்டில் நம்பர். நம்பரைப் பார்த்ததும் வேல்விழிக்குப் போன உயிர் வந்தது. எல்லாம் ஓக் மரம் என்றான் தரணீதரன். அவள் ஒன்றிலிருந்து ஆரம்பித்து, தகடும் மரமும் சேர்ந்து தெரியும்படி ஒவ்வொன்றாகப் படம் எடுத்தாள். எடுக்கிறபோதே அந்தந்த ஆளின் முகம் நினைவுக்கு வந்தது. ஆள் குட்டையாக இருந்து மரம் நெட்டையாக இருந்தால் சிரிப்பு வந்தது. ஐந்து நாளில் முதல் தடவையாக அவள் சிரித்தாள்.

ஒன்பதாம் நம்பர் குழாயில் ஒரு காய்ந்த குச்சி மட்டும் நின்றது. பெரியவர் ஏதோ சொன்னார்.

"பட்டுப்போச்சாமாங்க்கா. போன வருசம் இங்கயும் மழையில்லீங்களாமா. சிலது அப்படி ஆயிருச்சு, குளிர் காலத்துல வேற நட்டுருவம்ங்கறாரு."

"சீமையிலயும் மழை பொய்க்குமா!" என்று வேல்விழி வியந்தாள். ஒன்பது, முனீஸின் குலசாமி. சாமிக்கு ஒன்றும் குறைந்துவிடாது என்று அதையும் படம் எடுத்துக்கொண்டாள்.

அப்போது தரணீதரனுக்கு ஊரிலிருந்து போன் வந்தது. இரண்டு 'ஹலோ' சொல்லிப் பார்த்தான், சிக்னல் இல்லை. "ஒரு அஞ்சு நிமிசங்க்கா, கார்கிட்ட போயிப் பேசீட்டு வந்தர்றனுங்க" என்று ஓடினான். அவளும் பெரியவரும் மட்டும் மிச்சம். பத்து, பதினொன்று என்று அவள் நடந்தாள். பதினாறைத் தாண்டும்போதே கையிலிருந்த போனை மடியில் சொருகிக்கொண்டு டேப்பை எடுத்துவிட்டாள். விஜயராணிக்கு அதுதானே முக்கியம்.

பதினேழில் இருந்ததும் காய்ந்த குச்சிதான்.

அவள் நம்பவில்லை. தகட்டைத் திருப்பித் துடைத்துப் பார்த்தாள். பதினேழு. உட்கார்ந்து குழாய்க்குள் கையை விட்டு, குச்சியின் தோலை நகத்தால் கீறினாள். கிராமத்தில் பிறந்தவளுக்கு அது தெரியும். கொஞ்சமாவது பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. இன்னும் கீழே கீறினாள். மண்ணைத் தோண்டி வேர்க்கழுத்தில் கீறினாள். எங்கும் பழுப்புதான். கொஞ்சம் அழுத்தியதும் நுனி பட்டென்று கையோடு வந்துவிட்டது. அந்தப் பிள்ளையை அவள் பார்த்ததில்லை. ஆனால் அந்த நிமிஷம், காய்ச்சல் வந்த ஆறாம் நாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் தானும் நின்றது போல இருந்தது.

பக்கத்தில் பதினெட்டு. அவளுடைய மரம். நெஞ்சு உயரம் வளர்ந்து, உச்சியில் செம்பழுப்புக் கொழுந்து விட்டு, ஒரு குறையும் இல்லாமல் நின்றது. அந்த வரிசையிலேயே அதுதான் பெரியது. அதைப் பார்த்து அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை, கோபம்தான் வந்தது. 'உன்னை யாரு கேட்டா? நீ யாருக்காக இப்படி வளந்து நிக்கிற?' என்று அதனிடம் கேட்டாள்.

உள்ளதைச் சொல்லிவிடலாமா? பட்டுப்போச்சுடி, குளிர் காலத்தில் வேறு நடுவார்களாம் என்று. ஒரு தடவை போன பிள்ளையை அவளிடம் மறுபடியும் போய்விட்டதென்று சொல்ல வேண்டும். அதற்கு வேல்விழிக்குத் திராணி இல்லை. வேறு மரத்தைப் படம் எடுத்துக்கொண்டு போகலாமா? தகடு இல்லாமல் போனால் லைனில் ஒருத்தி விடமாட்டாள். ஊசி விழுந்த ஓட்டையைக் கை தூரத்தில் கண்டுபிடிக்கிற கண்கள். எல்லோர் படத்திலும் நம்பர் இருந்து, தன்னுடையதில் மட்டும் இல்லாவிட்டால் விஜயராணியே கேட்பாள்.

அவள் கார்ப் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். பிறகு பதினேழின் கம்பியைப் பிரிக்க ஆரம்பித்தாள். ஏழு-எட்டு வயதுப் பண்டிலை இந்தப் பக்கம் இழுத்துக்கொள்வதற்கு யோசித்தாளா என்ன? ஆனால் கம்பி முறுக்கேறிக் கிடந்தது. குளிரில் விரல் மரத்து, கம்பி நுனி குத்தி ரத்தம் வந்தது. பெரியவர் கிட்ட வந்துவிட்டார். ஏதோ கேட்டார். குரலில் கோபம் இல்லை, ஆனால் கேள்வி இருந்தது. திருடுகிறவள் போல அவள் எழுந்து நின்றாள்.

அவரிடம் என்ன பாஷையில் சொல்ல? பதினேழாம் தகட்டைக் காட்டினாள். கையைத் தன் இடுப்புக்குக் கொஞ்சம் மேலே நிறுத்தி, ஒரு பிள்ளையின் உயரத்தைக் காட்டினாள். இரண்டு விரலால் காற்றில் இரட்டைச் சடை பின்னிக் காட்டினாள். பிறகு அந்தக் கையை மெதுவாகத் தரைவரை இறக்கி, உள்ளங்கையை ஈர மண்ணில் வைத்தாள். நிமிர்ந்து, தொலைதூரத்தைக் காட்டி, "அம்மா" என்றாள். அப்புறம் பதினெட்டைத் தொட்டு, தன் நெஞ்சில் கைவைத்து, இது என்னோடது என்றாள். என்னோடதுதான், கொடுத்தால் யாருக்கு என்ன நஷ்டம் என்று தமிழிலேயே சொன்னாள். சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

பெரியவர் கொஞ்ச நேரம் அந்தக் காய்ந்த குச்சியைப் பார்த்தார். கோட்டுப் பையிலிருந்து குறடை எடுத்தார். முட்டி போட்டு, பதினேழாம் தகட்டைப் பிரித்து அவள் கையில் கொடுத்தார். பதினெட்டாம் தகட்டையும் பிரித்தார். மாற்றிக் கட்டியதும் நோட்டைத் திறந்து, ஒரு வரியை அடித்து, பென்சிலால் ஏதோ எழுதி மூடினார். பிறகு அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பழைய மரங்கள் பக்கமாக நடந்துபோய் நின்றார்.

வேல்விழி டேப்பை வைத்து அளந்தாள். நாலடி ஒரு அங்குலம். படம் எடுத்தாள். கொழுந்தை விரலால் தொட்டுப் பார்த்தாள். பிள்ளைகளின் காதுமடல் போல மெத்தென்று இருந்தது.

"கலை" என்றாள். குரல் வெளியே வரவில்லை. மூக்கைச் சிந்திவிட்டு, பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளையைத் தெருமுனையில் பார்த்துக் கூப்பிடுகிற மாதிரி உரக்கக் கூப்பிட்டாள்.

"ஏ கலைமகளு! அம்மா கேட்டாடி!"

நீலப் பூக்களுக்கு மேலாக அந்தச் சத்தம் போய் மரங்களுக்குள் நின்றுவிட்டது. பறவைகள் ஒரு நிமிஷம் வாயை மூடிக்கொண்டு, மறுபடி ஆரம்பித்தன. அவள் மீதி மரங்களைப் படம் எடுத்தாள். இருபத்தாறும் பட்டுப்போயிருந்தது. முப்பத்திரண்டு முடிந்து திரும்பியபோது தரணீதரன் வந்துவிட்டான்.

"எல்லாருதும் எடுத்துட்டீங்களாக்கா?"

"எடுத்தாச்சு தம்பி. என்னோடதுதான் பட்டுப்போச்சு."

"அடடா. விடுங்க்கா, அதான் வேற நடறாங்கல்ல."

கதவருகே பெரியவர் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். நடந்தது தெரிந்த ஒரே மனிதரை ஏழு கடலுக்கு அப்பால் விட்டுவிட்டு அவள் காரில் ஏறினாள்.

திருப்பூரில் அன்று டீ இடைவேளை பத்து நிமிஷம் நீண்டது. போன் கைக்குக் கை மாறியது. வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்துவிட்டது. ராக்கம்மாள் தன் இருபத்தாறாம் நம்பர் காய்ந்த குச்சியைப் பார்த்துவிட்டு, "பேரு வச்ச மரம் போயிருச்சு, பேருக்குச் சொந்தக்காரி கல்லாட்டம் உக்காந்து மீன்குழம்பு கேக்குறா" என்று பெருமூச்சு விட்டாள். லைன் முழுக்கச் சிரித்தது. முனீஸ், சாமிக்கு எதுக்கு சீமையில மரம் என்று தோளைக் குலுக்கிக்கொண்டான். ஆனால் பதினெட்டாம் நம்பரைப் பார்த்ததும் பேச்சு அடங்கியது. மாமியார் பெயர் வேறு, சாமி பெயர் வேறு, சொந்தப் பெயரை வைத்த மரம் படுவது வேறு. ஆளுக்கு ஆகாது என்று ஒருத்தி முணுமுணுத்தாள். ஒருத்தி நெற்றியில் விபூதி இட்டுவிட்டாள்.

விஜயராணி யார் முன்னாலும் பார்க்கவில்லை. அன்று சாயங்காலம் வேல்விழி ரூமுக்கு வந்து, கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தாள். போனை இரண்டு கையாலும் வாங்கி, நம்பரைப் பார்த்தாள், மரத்தைப் பார்த்தாள்.

"எம்புட்டு?"

"நாலடி ஒரு அங்குலம்."

"கூப்பிட்டியா?"

"சத்தமாக் கூப்பிட்டேன். பறவையெல்லாம் பயந்துருச்சு."

விஜயராணி சிரித்தாள். சிரித்துக்கொண்டே வேல்விழியின் மடியில் முகத்தை வைத்து அழுதாள். இத்தனை நாள் பழக்கத்தில் அவள் அப்படி அழுது வேல்விழி பார்த்ததில்லை. எழுந்துபோனவள், தன் ரூம் சுவரில் டேப் வைத்து நாலடி ஒரு அங்குலத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டாள். அதற்குப் பிறகு தினமும் காலையில் சுவருக்கு அந்தப் பக்கம் அவள் குரல் கேட்டது: "கலை, அம்மா வேலைக்குப் போயிட்டு வாரேன்." தொண்டைக்கு மேல் வராத பெயர் வந்துவிட்டது. வேல்விழி இந்தப் பக்கம் சோற்றைக் கிண்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பாள். சந்தோஷம்தான். நினைத்தது நடந்துவிட்டது. ஆனால் முன்பெல்லாம் வாய்க்கு வந்ததைப் பேசிக்கொண்டிருந்தவள், இப்போது விஜயராணியிடம் ஒவ்வொரு வார்த்தையையும் பார்த்துப் பார்த்து எடுத்தாள். காட்டைப் பற்றி அவள் கேட்கக் கேட்க, பூவைச் சொல்வாள், பறவையைச் சொல்வாள், பெரியவர் இடம் வரும்போது எழுந்து விளக்கைப் போடப் போவாள். இந்தப் பாரத்தை யாரிடமாவது இறக்கிவைத்தால் தேவலை என்று இருந்தது. இறக்கிவைக்க அவளுக்கு இருந்தது ஒரே இடம். அங்கேதான் வைக்க முடியாது.

அடுத்த செவ்வாய்க்கிழமை ஷிப்ட் முடிந்ததும் விஜயராணி அவளை மாரியம்மன் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போனாள். எலுமிச்சம்பழத்தால் தலையைச் சுற்றி, நறுக்கி, இடது காலால் மிதிக்கச் சொன்னாள். "சீமைக்குப் போயிட்டு வந்தவளுன்னு ஊருக் கண்ணு பூராம் உம்மேலதான்" என்று குங்குமம் வைத்துவிட்டாள். வேல்விழி சொன்னபடியெல்லாம் செய்தாள். பிறகு இருவரும் பிரகாரத்தில் உட்கார்ந்தார்கள்.

விஜயராணி பிரசாதத் தொன்னையைக் கிழித்துக்கொண்டிருந்தாள்.

"வேலு, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டியே?"

"என்னத்த சொல்லப்போற, சொல்லு."

"அந்தப் போட்டோவைப் பாக்குறப்பெல்லாம் மனசு கெடந்து அடிச்சுக்குதுடி. ரெண்டும் பக்கத்துப் பக்கத்துக் குழி. ஒரே மழை, ஒரே வெயிலு. அவ மட்டும் அம்புட்டு உசரம் வளந்து நிக்குறா, உன்னோடது காஞ்சு போச்சு." விஜயராணி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "உன்னோட தண்ணியவும் சேத்து அவதான் குடிச்சுட்டாளோன்னு இருக்கு. நீ அவமேல வருத்தப்படாத வேலு. அவளுக்காக நான் மன்னிப்புக் கேட்டுக்கிறேன்."

உண்மை வேல்விழியின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கொடிமரத்தைப் பார்த்தாள், விளக்கு ஏற்றிக்கொண்டிருந்த ஒரு பெண்ணைப் பார்த்தாள், பிடித்திருந்த அந்தக் கையைப் பார்த்தாள்.

"சின்னப்புள்ளதானடி" என்றாள். "குடிச்சா குடிச்சுட்டுப் போறா."